நிற்பவனின் சத்தம்

தீவில் மாட்டிக்கொண்டவர்களின் கதை அது. விமானம் விழுந்து பிழைத்த சிலர் வாரம் ஒருமுறை தொலைக்காட்சியில் வந்து, பசித்து, சண்டைபோட்டு, கப்பலுக்காகக் காத்திருந்துவிட்டுப் போவார்கள். அவர்கள் நடந்த கரையில் நிஜக் கடல் இருந்தது. ஆனால் படம்பிடித்த இடத்தில் ஜெனரேட்டர் ஓயாமல் இரைந்ததால் அந்தக் கடலின் சத்தம் எதற்கும் உதவவில்லை. ஆகவே அவர்களுடைய கடல் எங்கள் அறையில்தான் உண்டாயிற்று.

அந்த அறையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். ஜன்னல் இல்லை. சுவர் முழுக்கக் கனத்த கம்பளி. தரையில் இரண்டு மரப்பெட்டிகள், இரண்டிலும் மணல். அலமாரி நிறையப் பழைய செருப்புகளும் பூட்ஸுகளும். மூலையில் கால் உடைந்த சாய்வு நாற்காலி, அதை அசைத்தால் தெப்பம் முனகும். பழைய ஒளிநாடாச் சுருளைக் கையில் கசக்கினால் மரங்களில் காற்று. கடல் என்பது ஒரு பெரிய தகரத் தாம்பாளம், அதில் பரப்பிய உலர்ந்த பயறு. இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்து மெல்லச் சாய்த்தால் அலை ஏறும், நிமிர்த்தினால் இறங்கும். கண்ணை மூடிக்கொண்டால் பாதத்தில் ஈரம் படுவதுபோல இருக்கும்.

தாம்பாளத்தைப் பிடிப்பவர்கள் அக்காவும் தம்பியும். தொடரில் பெண்கள் நடந்தால் அக்காவின் கால், ஆண்கள் நடந்தால் தம்பியின் கால். நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பதிவு செய்கிறவன். காது என்று கூப்பிடுவார்கள். சொந்தப் பெயர் எனக்கே சமயத்தில் மறந்துபோகும்.

அவர்களுக்கென்று ஒரு முறை உண்டு. இரண்டு காலடிகளும் ஒன்றாக விழுந்தால் காதில் குழம்பும். அதனால் அக்கா கால் எடுத்த பின், அரை அடி தாமதித்துத் தம்பி எடுப்பான். இதை அவர்கள் பேசி வைத்துக்கொண்டதில்லை. காபி வாங்கப் படியிறங்கும்போதும் அப்படித்தான் இறங்குவார்கள்.

அன்றைக்கு அக்கா உள்ளே வந்ததும் மைக்கின் அருகில் வாயை வைத்தாள். தம்பி வெளியே கைகால் கழுவப் போயிருந்தான்.

"காது, உன்கிட்ட ஏதாவது சொன்னானா?"

"மணல் ஈரம் பத்தலன்னு சொன்னான்."

"என்னப் பத்தி கேட்டேன்பா."

வேறொரு ஊரில், பெரிய ஒலிக்கூடத்தில் அக்காவுக்கு வேலை வந்திருந்தது. அவளை மட்டும்தான் கூப்பிட்டிருந்தார்கள். அன்று மாலைக்குள் போனில் பதில் சொல்ல வேண்டும். அவளுக்குப் போக ஆசை. ஆனால் தம்பி மனமொப்பாமல் போவதில்லை என்றும் இருந்தாள். அவனோ போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. ஒரு வாரமாக மணலைப் பற்றி மட்டுமே பேசினான்.

"கேட்டா சல்லடை எங்கங்கிறான். வாய்க்குப் பூட்டு போட்டுட்டு சாவிய முழுங்கிட்டான்," என்றாள்.

அன்றைய காட்சியில் வசனம் கிடையாது. தெப்பத்தில் ஒருவருக்குத்தான் இடம். நர்ஸ் போவதென்று முடிவாகியிருக்கிறது. முதல் வாரத்திலிருந்து அவளோடு மல்லுக்கு நின்ற சமையல்காரர், தூரத்தில் ஒரு மரத்தடியில் நிற்கிறார். அவள் வெறுங்காலோடு தண்ணீரை நோக்கி நடக்கிறாள். அவர் அசைவதில்லை. அவ்வளவுதான் காட்சி.

பதிவுக்கான சிவப்பு விளக்கைப் போட்டேன். திரையில் நர்ஸ் நடந்தாள். பெட்டியில் அக்காவின் கால் விழுந்தது. அரை அடி கழித்து, தம்பியின் காலும்.

நிறுத்தினேன்.

"தம்பி, சமையல்காரர் நிக்கிறாரு. நீ எங்கப்பா கிளம்பிட்ட?"

அவன் திரையைப் பார்த்தான். காலைப் பார்த்தான். "தெரியாம வந்துடுச்சு."

மறுபடி போட்டோம். மறுபடியும் நடந்தான். மூன்றாம் தடவை அக்கா சிரித்துவிட்டாள். ஆனால் சிரிப்பு பாதியில் நின்றது.

"நிக்கிறவனுக்கு நான் எதுக்கு? வெளிய போயிடட்டுமா?" என்றான் தம்பி.

"நிக்கிறதுக்கும் சத்தம் உண்டுடா," என்றாள் அக்கா. பிறகு பெட்டியிலிருந்து இறங்கி, அதிலிருந்த மணலைத் தகர முறத்தில் அள்ளி, கதவு வரைக்கும் ஒரு பாதையாகக் கொட்டினாள். நான் தடுக்கவில்லை. அவள் வேலை செய்யும்போது யாரும் தடுக்க மாட்டோம்.

"பெட்டிக்குள்ளயே மிதிச்சா தூரமா போற மாதிரி இல்ல. நிஜமாவே நடந்து போறேன்," என்றாள். கதவருகிலிருந்து திரும்பி வந்து அவன் எதிரில் நின்றாள். "வெளிய போன் இருக்கு. நீ கூட நடந்தேன்னா திரும்பி வந்துடுறேன். எந்த வருத்தமும் இல்ல. நின்னேன்னா, போய் சரின்னு சொல்லிடுறேன்."

அவன் ஒரு கையால் மணலைச் சமப்படுத்தி, அதில் ஏறி நின்றான்.

விளக்கைப் போட்டேன்.

என் காதில் அறை இல்லை, கரைதான் இருந்தது. அக்காவின் முதல் அடி. அதற்குப் பின்னால் அந்த அரை அடி இடைவெளி வந்தது, காலியாகப் போயிற்று. இரண்டாவது அடி. அவனுடைய பெட்டியில் மெல்லிய ஒரு சத்தம்: கால்விரல்கள் மணலைப் பற்றிக்கொள்கிற சத்தம். ஒரு குதிகால் எழுந்தது, காற்றில் தயங்கியது, எழுந்த இடத்திலேயே இறங்கியது. மணல் பெருமூச்சுப்போல அமுங்கிற்று. திரையில் சமையல்காரர் மரத்தடியில் இருந்தார். அவர் முகம் தெரியவில்லை.

கதவருகில் அக்கா நின்றாள். நடிப்பில் இல்லாத நிறுத்தம் அது. அவள் பின்னால் கேட்க வேண்டிய அடிக்காகக் காத்திருக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. கேட்கவில்லை.

கதவு திறந்தது. அவள் பாதத்தில் ஒட்டிய மணல் வெளித் தாழ்வாரத்துச் சிமென்ட்டில் நறநறத்து, தேய்ந்து, வெறும் கால் சத்தமாகி, அதுவும் கரைந்தது.

நான் விளக்கை அணைக்கவில்லை. தம்பியும் இறங்கவில்லை.

"இன்னும் கேக்குதா?" என்றான்.

"போன்ல பேசுறா."

"சிரிக்கிறாளா?"

"ஆமா."

அவன் தலையாட்டினான். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, நர்ஸ் செருப்போடு நடக்கும் காட்சிகளுக்கு அக்கா போடும் செருப்பை அலமாரியிலிருந்து எடுத்துத் தூசி தட்டி அக்காவின் பையில் வைத்தான். "இது இல்லாம அவளுக்கு நடை வராது. அங்க எவன் இவ்ளோ தேஞ்சத வச்சிருக்கப் போறான்."

திரையில் தெப்பம் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. கடலை நாங்கள் இன்னும் போடவில்லை. தம்பி தாம்பாளத்தின் ஒரு பக்கத்தைத் தூக்கினான். மறுபக்கம் தரையில் இடித்தது.

"காது, வா. அந்தப் பக்கம் பிடி."

"எனக்கென்னப்பா தெரியும்?"

"கண்ண மூடிக்கோ. நான் சாய்ச்சதும் நீ நிமிர்த்து. ஒரே நேரத்துல வேணாம், கொஞ்சம் பொறுத்து."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போனேன். அவன் சாய்த்தான். அரை அடி பொறுத்தேன். கடல் வந்தது.