சுளகுக் காதில் ஒற்றைத் தோடு

லோசான் நகரில் வேணுகாவின் வீட்டில் அன்று காதுகுத்துக் கலியாணம். பிள்ளைக்கென்று நினைத்துவிடாதீர்கள், பொம்மைக்கு!

ஐந்து வயது ரிஷானி காது குத்த மாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். பெற்றவள் வேறென்னதான் செய்வாள்? பொம்மைக்கு முதலில் குத்திக் காட்டுவோம் என்று துணிந்துவிட்டாள். பழைய ரஷ்யக் கார்ட்டூனில் வரும் பிராணி அது. கரடியுமில்லை, குரங்குமில்லை, தலையின் இரு பக்கமும் அரிசி புடைக்கும் சுளகு போல அகன்ற காது. மேல்மாடிக் கலீனாவின் மகள் காத்யாவிடம் ஒன்று இருந்தது. ரிஷானி அதையே பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்டு, கலீனா இவளுக்கும் அதே மாதிரி ஒன்று வாங்கிக் கொடுத்திருந்தாள்.

வேணுகாவின் தம்பி பானுஜன் தாய்மாமனாகச் சம்மணம் கட்டி, பொம்மையை மடியில் இருத்தினான். நெற்றியில் சந்தனம் வைத்து, ஒரு காதில் ஊசி ஏற்றி, கவரிங் தோடும் போட்டாயிற்று.

"அழேல்லை அம்மா!" ரிஷானி கைதட்டினாள். "காத்யாவுக்குச் சொல்லோணும், அவளின்ர பிள்ளை அழேல்லை எண்டு."

"அவளின்ரயோ?"

"ஓம். நாங்கள் நேற்றுப் பொம்மையை மாத்தினனாங்கள்."

வேணுகா தம்பியின் மடியிலிருந்த பொம்மையை வெடுக்கென்று எடுத்தாள். காத்யாவின் பொம்மை அவள் அப்பா வாங்கிக் கொடுத்தது. அந்த மனிதர் போன குளிர்காலத்தில் இறந்துபோனார். அவர் கை பட்டது என்று கலீனா அதைத் தோய்ப்பதுகூட இல்லை. அதில் போய் ஓட்டை போட்டாயிற்றே, கடவுளே!

"கழட்டிப்போட்டுக் குடுங்கோ அக்கா. ஆருக்குத் தெரியப்போகுது?" என்றான் பானுஜன்.

"விசர்க் கதை கதையாதை!"

மகளையும் பொம்மையையும் கூட்டிக்கொண்டு படியேறினாள். கதவைத் திறந்த கலீனா தோட்டைக் கண்டதும் வாயில் கை வைத்தாள். வேணுகா தன் உடைந்த பிரெஞ்சில், எங்கள் வழக்கம், மகளுடையது என்று நினைத்துவிட்டேன் என்று சொல்லச் சொல்ல, காத்யா பொம்மையை வாங்கித் தோட்டைத் தடவிப் பார்த்தாள்.

"வலித்ததா?" என்று ரிஷானியைக் கேட்டாள்.

"இல்லவே இல்லை."

காத்யா பொம்மையை அணைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். பச்சைப் பிள்ளையின் மனதை உடைத்துவிட்டேனே என்று வேணுகாவுக்கு அழுகை வந்தது. உள்ளே காத்யா ரஷ்ய மொழியில் யாரோடோ பேசும் சத்தம் கேட்டது. கலீனா வேணுகாவின் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"அப்பாவின் படத்தோடு பேசுகிறாள்," என்றாள். "அவர் போனபின் அந்தப் பக்கம் திரும்பியும் பார்க்காத பிள்ளை."

இரண்டு பெண்களும் வாசலில் நின்று அழுதார்கள். காத்யா பொம்மையோடு திரும்பி வந்தாள்.

"மற்றக் காதுக்கு எப்போது என்று அப்பா கேட்கிறார்."

வேணுகாவுக்குத் தெரிந்த பிரெஞ்செல்லாம் எங்கேயோ போய்விட்டது. "இப்பவே, என்ர குஞ்சு, இப்பவே," என்று தமிழிலேயே சொல்லி அவளை வாரித் தூக்கிக்கொண்டாள்.