ஆறாம் காம்பராவின் பாட்டு மெஷின்

மே மாதம் இருபத்தாறாம் திகதி காலை ஏழு மணியளவில், கிரித்தலாவத்தைத் தோட்டம் கீழ்ப்பிரிவின் வரிசையாக ஒட்டிக் கட்டிய பன்னிரண்டு காம்பரா வீடுகள் கொண்ட லயத்தில், ஆறாம் நம்பர் காம்பராவில் மட்டும் சத்தம் நின்றுபோனது. அதற்கு முதல் நாள்தான் அந்தக் காம்பராவின் ஒரே பிள்ளை சரோனை அடக்கம் செய்திருந்தார்கள். தாய் சூசையம்மா அடுப்பில் வைத்த கேத்தல் கொதித்து மூடி துள்ளியது, சத்தமில்லை. தகப்பன் அந்தனி கை தவற விட்ட அலுமினியச் சட்டி சீமெந்துத் தரையில் உருண்டு சுவரில் மோதி நின்றது, அதற்கும் சத்தமில்லை. அவர் மனைவியின் பெயரைச் சொல்லிப் பார்த்தார். வாய் அசைந்தது, தொண்டை அதிர்ந்தது, பெயர் வரவில்லை. காது போய்விட்டதென்று நினைத்து இருவரும் வெளியே வந்தார்கள். இஸ்தோப்புத் திண்ணையின் படியைத் தாண்டியதும் பீலியில் தண்ணீர் விழுவதும், வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகிறவர்களின் பேச்சும், கஹவத்தை பஸ்ஸின் ஹார்னும் வழமைபோலக் கேட்டன. திரும்ப உள்ளே போனார்கள். நின்றது. அன்றைக்கு அதைப் பற்றி யாரிடமும் அவர்கள் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய செய்தியாக அது அவர்களுக்குத் தோன்றவில்லை.

சரோனுக்கு வயது இருபத்துமூன்று. கஹவத்தைக்கு அப்பால் ஒரு கார்மென்ட்ஸில் சட்டைக்குக் கொலர் தைத்தாள். மூன்று நாள் விடாமல் பெய்த மழையில் பாதைகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்தபோது, கூட வேலை செய்த தனுஜா என்ற சிங்களப் பிள்ளை டவுனிலேயே உள்ள தன் வீட்டில் தங்கச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறாள். சரோன் தங்கவில்லை. சந்தியில் பஸ்ஸை விட்டு இறங்கித் தோட்டத்துப் பாதையில் ஏறி வந்தவள்மேல் மண்மேடு இறங்கியது. அந்தனியும் லயத்து ஆம்பிளைகளும் மண்வெட்டியோடு போய், அடுத்த நாள் பகலில் எடுத்தார்கள். தனுஜா வீட்டில் நில்லாமல் ஏன் வந்தாள் என்று லயத்தில் ஒரு மாதம் பேசினார்கள். பிறகு தேயிலைக் கொழுந்து கூடிய காலம் வந்தது, பேச்சு குறைந்தது.

ஆறாம் நம்பரின் விஷயம் அதற்குள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. கிராம உத்தியோகத்தர் வந்து சுவரைத் தட்டிப் பார்த்தார். அவருடைய படிவத்தில் வெடிப்பு, கூரைச் சேதம், நீர் புகுதல் என்று கட்டங்கள் இருந்தன. சத்தத்துக்குக் கட்டம் இல்லாததால் ‘வேறு’ என்ற இடத்தில் ஒரு கோடு போட்டுவிட்டுப் போனார். கோயில் சுவாமி ஜெபப் புத்தகத்தோடு உள்ளே நின்று கால் மணித்தியாலம் உதட்டை அசைத்தார். வெளியே வந்து தண்ணீர் வாங்கிக் குடித்து, ஆண்டவருக்குக் கேட்டிருக்கும் என்றார். மழை பெய்தால் ஐந்தாம், ஏழாம் நம்பர்களின் தகரம் இரைந்தது. நடுவில் இருந்த தகரத்தில் துளிகள் விழுந்து தெறிப்பதைப் பார்க்கத்தான் முடிந்தது. ஏழாம் நம்பரில் இருந்த எஸ்தர், பல் முளைத்து அழுத தன் கைக்குழந்தையை ஒரு நாள் பகலில் அங்கே கொண்டுபோய்ப் படுக்க வைத்தாள். குழந்தை நான்கு மணித்தியாலம் தூங்கியது. அதன்பிறகு தலையிடி வந்தவர்களும், பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளும் சூசையம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு உள்ளே போய் உட்கார்ந்து வந்தார்கள். யார் வந்தாலும் போனாலும் கணவனுக்கும் மனைவிக்கும் ஒன்றுபோலவே இருந்தது.

அவர்கள் இருவரும் பேசவேண்டுமென்றால் வெளியே தண்ணீர் ஓடும் காணோரத்துக்கு வந்து நிற்க வேண்டும். அங்கே பேசினால் பன்னிரண்டு காம்பராவுக்கும் கேட்கும். அதனால் அரிசி இருக்கிறதா, மண்ணெண்ணெய் முடிந்ததா என்று மட்டும் கேட்டுக்கொண்டார்கள். அந்தனி விடியலில் றப்பர் மலைக்குப் பால் வெட்டப் போவார். சூசையம்மா கொழுந்துக்குப் போவாள். திரும்பி வந்து சமைத்து, எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டு, படுத்துக்கொள்வார்கள். நான்கு மாதம் அப்படிப் போனது. அந்த நான்கு மாதத்தில் இருவரில் ஒருவர்கூட சரோன் என்ற பெயரைச் சொல்லவில்லை.

செப்டெம்பரில் தோட்டத்து ஒப்பிசுக்கு சரோன் பெயரில் ஒரு சின்னப் பார்சல் வந்தது. கார்மென்ட்ஸுக்குள் ஃபோன் கொண்டுபோக விடமாட்டார்கள் என்பதால், தைக்கும்போது பாட்டுக் கேட்க அவள் ஏப்ரலிலேயே ஓடர் பண்ணிய பொருள் அது. மழையால் எங்கேயோ தேங்கிக் கிடந்து வந்திருக்கிறது. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் அகலமான கறுப்பு மெஷின், நகத்தளவு கண்ணாடித் திரை, சுருட்டி வைத்த இயர்ஃபோன், ஒரு வயர். லயத்துப் பெண்கள் கூடி நின்றார்கள். அதற்குள் பிள்ளையின் குரல் ஏதும் இருக்கும் என்று ஒருத்தி சொன்னாள். அதற்குள் ஒன்றும் இல்லை. புதுப் பொருள், வெறுமையாக இருந்தது. சூசையம்மா அதை இரண்டு கிழமை சுவர் றாக்கைத் தட்டில் வைத்திருந்தாள். பிறகு ஒரு சனிக்கிழமை, வாங்கிய பொருள் சும்மா கிடக்கக்கூடாது என்பதற்காக மட்டும், அதைக் கைலேஞ்சியில் முடிந்துகொண்டு கஹவத்தைக்கு பஸ் ஏறினாள்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் காமில் நானாவின் ஃபோன் கடை. அவருடைய மகள் ஷஸ்னாதான் இந்த வேலைகளைப் பார்ப்பாள். மெஷினைத் திருப்பிப் பார்த்து, முதலில் சார்ஜ் ஏற வேண்டும் என்று வயரைக் கம்பியூட்டரில் சொருகினாள். சிவப்பு வெளிச்சம் பச்சையாக மாறும்வரை சூசையம்மா ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். திரை விழித்தபோது எழுத்தெல்லாம் சீன மொழியில் இருந்தது. ஷஸ்னா அதே மாதிரி மெஷின்களைப் பார்த்த பழக்கத்தில் வரியை எண்ணிக்கொண்டே இறங்கி இங்கிலீசுக்கு மாற்றினாள். தமிழும் சிங்களமும் அதில் இல்லை. திகதி, நேரம் வைத்தாள். என்ன பாட்டுப் போட வேண்டும் என்று கேட்டாள். மகளுக்கு என்ன பாட்டுப் பிடிக்கும் என்று யோசித்துப் பார்த்தபோது சூசையம்மாவுக்கு ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. உங்களுக்குப் பிடித்தது என்ன என்று ஷஸ்னா கேட்டாள், அதுவும் வரவில்லை. கோயில் பாட்டில் இருபதும் பழைய படப்பாட்டில் இருபதும் ஷஸ்னாவே தெரிந்தெடுத்து ஏற்றினாள்.

“தொறக்கவும் நிப்பாட்டவும் இதெ ரெண்டு செக்கன் அமத்திப் புடிக்கணும் அக்கா. இது அடுத்த பாட்டு. இந்தச் சிவப்புப் பொட்டுல ரெக்கோட் பண்ணலாம், பாருங்க,” என்று சொல்லி மெஷினை வாய்க்குப் பக்கத்தில் பிடித்து, “ஹலோ, ஹலோ, சூசையம்மா அக்கா கடைக்கு வந்திருக்காங்க,” என்று பேசி நிறுத்தினாள். திரையில் ரெக் ஒன்று என்று வந்தது.

திரும்பி வரும்போது பஸ்ஸிலும் அவள் காதில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. எதை அமத்திப் பிடிக்க வேண்டும் என்பது மறந்துபோனதால், சூசையம்மா இயர்ஃபோனைக் கழற்றாமலே மேட்டில் ஏறி, காணைத் தாண்டி, ஆறாம் நம்பருக்குள் நுழைந்தாள். பாட்டு நிற்கவில்லை. நடு வீட்டில் நின்று ஒரு பாட்டு முழுவதையும் கேட்டாள். இயர்ஃபோனை எடுத்தால் வெறுமை, போட்டால் பாட்டு. அந்தச் சத்தம் காதுக்குள்ளேயே பிறந்து காதுக்குள்ளேயே முடிவதால் காம்பராவுக்கு அது தெரிவதில்லை என்று பின்னால் ஷஸ்னா ஒரு காரணம் சொன்னாள். சூசையம்மாவுக்குச் சந்தோஷம் வரவில்லை, அழுகையும் வரவில்லை. பாட்டைக் கேட்டபடியே அரிசி களைந்து உலையில் போட்டாள்.

ஒரு கிழமை அப்படிக் கேட்டாள். பாட்டுகள் எல்லாம் முடிந்து மெஷின் தானாகவே பதிவுகள் இருந்த பகுதிக்குப் போனபோது, ஷஸ்னாவின் குரல் வந்தது. நான்கு மாதத்துக்குப் பிறகு அந்தக் காம்பராவுக்குள் கேட்ட முதல் மனிதப் பேச்சு, சூசையம்மா அக்கா கடைக்கு வந்திருக்கிறார்கள் என்பது. அவள் அதை மூன்று தடவை கேட்டாள். அடுத்த நாள் கொழுந்து மலையில், தேயிலைச் செடிகளுக்கு நடுவே குனிந்து, சிவப்புப் பொட்டை அமத்தி, காலையில் வைத்த குழம்பு பானைக்குப் பின்னால் இருக்கிறது என்று பேசினாள். மாலையில் அந்தனி வந்து உட்கார்ந்ததும் இயர்ஃபோனை அவர் காதில் வைத்தாள். அவர் கேட்டார். எழுந்துபோய்ப் பானைக்குப் பின்னால் பார்த்தார். மறுநாள் விடியலில் மெஷினைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மலைக்குப் போனார்.

அன்றிலிருந்து ஒரு நாள் அவர், ஒரு நாள் அவள். அவருடைய பதிவுகளில் பால் வெட்டும் கத்தியின் சீவலும் குருவிச் சத்தமும் இருக்கும். அவளுடையவற்றில் பின்னால் பெண்கள் சிரிப்பார்கள், கணக்கப்பிள்ளை யாரையாவது ஏசுவார். கூரைத் தகரத்தில் ஓட்டை, எஸ்தரின் குழந்தைக்குக் காய்ச்சல், முழங்கால் வலிக்கு என்ன எண்ணெய் என்று பேசினார்கள். முகத்தைப் பார்த்துப் பேச வேண்டியதில்லை, பன்னிரண்டு காம்பராவும் கேட்கப் போவதில்லை. இடம் போதாமல் வந்தபோது சூசையம்மா பாட்டுகளை ஒவ்வொன்றாக அழித்தாள். அழிப்பது எப்படி என்று ஷஸ்னாவிடம் ஒரு சனிக்கிழமை கேட்டு வந்திருந்தாள்.

அடுத்த மே மாதம் இருநூற்றிருபதாவது பதிவு வந்தது. ஆறு நிமிடம். அதில் நான்கு நிமிடம் இலையில் மழை விழுகிற சத்தம் மட்டும்தான். சூசையம்மா அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாள். எதிரே அந்தனி அவளுடைய முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சூச, நான் ரெண்டாம் மலையில நிக்கிறேன். அன்னைக்கு மூணு மணி இருக்கும், பிள்ள எனக்குக் கோல் எடுத்துச்சு. தனுஜா வீட்டுல நிக்கவா, வரவான்னு கேட்டுச்சு. நான்தான் வான்னு சொன்னேன். அம்மா தனியா இருக்கும்னு சொன்னேன். ஆனா நீ ஒண்ணும் தனியா இருந்திருக்க மாட்ட. நான் றப்பர் ஸ்டோர்ல இருந்து வந்துகிட்டுதான் இருந்தேன். பிள்ள வீட்டுல இருந்தா நல்லதுன்னு ஒரு நெனப்பு. வேற ஒண்ணுமில்ல.”

அவள் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. கடைசிவரை கேட்டு, இயர்ஃபோனைச் சுருட்டி வைத்துவிட்டு, அவருக்குச் சோறு போட்டாள். அவர் சாப்பிட்டார். அடுத்த மூன்று நாள் மெஷின் சூசையம்மாவோடு கொழுந்து மலைக்குப் போய் ஒன்றும் பதியாமல் திரும்பி வந்தது. அந்தனி ஒவ்வொரு மாலையும் கையை நீட்டினார், அவள் இல்லை என்று தலையை ஆட்டினாள். அந்த மூன்று நாளும் அவர் வெட்டிய மரங்களில் வெட்டு ஆழமாக விழுந்து பட்டை காயப்பட்டதாகக் கங்காணி குறை சொன்னார். நாலாம் நாள் அவளே மெஷினைக் கொண்டுவந்து அவருடைய காதில் மாட்டினாள்.

“அவ எனக்குத்தாங்க மொதல்ல எடுத்தா. நான் கொழுந்து நிறுக்க லைன்ல நின்னேன். மழை. எப்ப வீட்டுக்குப் போவோம்னு இருந்துச்சு. நில்லும்மான்னு ஒரு சொல் சொல்லியிருக்கலாம். அப்பாகிட்டக் கேட்டுக்கன்னு சொல்லிட்டு வச்சிட்டேன். அதனாலதான் ஒங்களுக்கு எடுத்தா. ஒரு வருசமா ஒங்க மொகத்தப் பாக்கிறப்பல்லாம் இதுதான் நெனப்பு. நாளைக்குப் பருப்பு வாங்கிட்டு வாங்க.”

அந்தனி இயர்ஃபோனை எடுக்கவில்லை. பிறகு அவருடைய தோள்கள் குலுங்கின. சூசையம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள், அவளுக்கும் அது வந்தது. ஒரு வருடமாக வராதது அன்றைக்கு வெகுநேரம் வந்தது. ஐந்தாம் நம்பருக்கும் ஏழாம் நம்பருக்கும் ஒன்றும் கேட்கவில்லை. அழுதவர்களுக்கும் கேட்கவில்லை. மறுநாள் அவர் பருப்பு வாங்கி வந்தார்.

அதன்பிறகு இரண்டு வருடம் பதிவுகள் தொடர்ந்தன. சரோன் பெயர் அவற்றில் சாதாரணமாக வந்துபோனது. மெஷினில் சார்ஜ் நிற்கிற பட்டறி ஒரு தடவை வீங்கி ஷஸ்னா வேறு போட்டுக் கொடுத்தாள். அப்போதுதான் மண் இறங்கக்கூடிய இடத்திலுள்ள லயங்களிலிருந்து ஆட்களை எழுப்பி மேற்பிரிவில் தனி வீடு கொடுக்கும் பட்டியலில் அந்தனியின் பெயர் வந்தது. அவருக்குப் போக விருப்பம். சூசையம்மாவுக்கு இல்லை. புது வீட்டில் சத்தம் இருக்கும், வாய் திறந்து முகம் பார்த்துப் பேச வேண்டி வரும், தன்னால் இனி அது முடியாது என்று அவள் பதிந்தாள். பேசினால் என்ன, எல்லாரும் பேசுகிறார்கள்தானே என்று அவர் பதிந்தார். சண்டை மூன்று கிழமை, பத்தொன்பது பதிவு. கொழுந்து மலையில் சூசையம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு மெஷினைப் பார்த்துக் கத்துவதைப் பெண்கள் வேலையை நிறுத்திக் கேட்டார்கள். எஸ்தர் அதை வீட்டில் போய்ச் சொன்னபோது, சண்டை பிடிக்கிறார்கள் என்றால் இனிப் பயமில்லை என்று அவளுடைய புருசன் லோரன்ஸ் சொன்னான். கடைசியில், மேட்டு வீட்டிலிருந்து கல்லறைத் தோட்டம் தெரியும் என்று அந்தனி பதிந்ததைக் கேட்டு அவள் சாமான்களைக் கட்டத் தொடங்கினாள்.

ஜனவரியில் லோரன்ஸின் த்ரீவீலரில் இரண்டு தடவையாகச் சாமான் ஏற்றிப் போனார்கள். காலியான ஆறாம் நம்பரின் கதவை எஸ்தர் இழுத்துச் சாத்தினாள். அது பலமாக அடித்துக்கொண்டது, லயத்து நாய்கள் குரைத்தன. மேற்பிரிவில் புது வீட்டுக்குப் புது நிலை, புதுச் சீமெந்து, இரண்டு அறை. சூசையம்மா வலது காலை வைத்து உள்ளே போய், தலையிலிருந்த பெரிய செம்புப் பானையைத் தரையில் இறக்கினாள். சத்தமில்லை. அவள் அந்தனியைப் பார்த்தாள். அவர் குனிந்து பானையைக் கைவிரலால் தட்டினார், பிறகு முட்டியால் தட்டினார். அந்தனி அவளுடைய கையிலிருந்து மெஷினை வாங்கிக்கொண்டு வாசலுக்குப் போனார். திரும்பி வந்து இயர்ஃபோனை அவள் காதில் வைத்தார்.

“இங்கயும் வந்திருச்சு. அடுப்ப எந்தப் பக்கம் வைக்கிறது?”

சூசையம்மா முழுவதையும் கேட்டுவிட்டு, ஜன்னல் பக்கம் கையைக் காட்டினாள்.