லாரி இரண்டாகத் தெரிந்த காலை

1

இந்தக் கதை நான் தேடிப் போனதல்ல. கதிர்சிகிச்சைப் பிரிவின் வாசலில் தானாக வந்து பக்கத்தில் உட்கார்ந்தது. அண்ணனுக்குத் துணையாகப் போயிருந்தேன். உள்ளேயிருந்து வந்த பெண்ணின் முகம் முழுக்கக் கட்டம் கட்டமாகத் தடம். தலை அசையாமலிருக்க மாட்டுகிற வலைமுகமூடியின் அச்சு. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "சல்லடைல போட்டு சலிச்ச மாதிரி இருக்கா?" என்று கேட்டார். பேருந்து ஓட்டுநராம். நான் எழுதுகிறவன் என்று அண்ணன் போட்டுக்கொடுத்துவிட்டார்.

"எழுதுங்க. ஆனா படிக்கறவங்கள உச்சு கொட்ட வைக்காதீங்க."

2

முதல் தொடக்கம்: 'தலையணையில் ஒரு துளி ரத்தம், ரோஜா இதழைப் போல' — வேண்டாம். ரத்தத்தை ரோஜா என்பவனுக்கு மூக்கில் ரத்தம் வந்ததே கிடையாது.

உண்மையில் அவருக்கு அது சளியாகத்தான் தொடங்கியது. இடப்பக்க மூக்கு மட்டும் அடைத்துக்கொண்டது. சிந்தினால் ரத்தக் கசிவு. தெருமுனை மருத்துவர் மாத்திரை கொடுத்தார்; கேட்காதபோது வேறு மாத்திரை கொடுத்தார். (அவரை வில்லனாக்கி ஒரு பத்தி எழுதி, அடித்துவிட்டேன். மூக்கடைப்போடு வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு அது வெறும் சளிதான். ஒரே பக்கம், விடாமல், ரத்தத்தோடு என்றால்தான் உள்ளே பார்க்க வேண்டும்.)

ஒரு காலை, வண்டி நிறையப் பயணிகளோடு வளைவில் திரும்பும்போது எதிரே வந்த லாரி இரண்டாகத் தெரிந்தது. எது நிஜம் என்று புரியவில்லை. வண்டியை ஓரங்கட்டினார். சாவியை எடுத்து நடத்துநரிடம் நீட்டினார்.

"இனிமே நான் ஓட்டக் கூடாதுண்ணே. வேற ஆளக் கூப்பிடுங்க."

பயணிகள் திட்டிக்கொண்டே இறங்கினார்கள். அவர் படிக்கட்டில் உட்கார்ந்து, மாற்று ஓட்டுநர் வரக் காத்திருந்தார்.

3

காது மூக்கு தொண்டை நிபுணர் மெல்லிய குழாய்க் கேமராவை உள்ளே விட்டுப் பார்த்தார். சதைத் துணுக்கு எடுத்தார். அது என்ன வகை என்று முதல் ஆய்வகத்துக்குப் பிடிபடவில்லை. இன்னோர் ஆய்வகமும் பார்த்த பிறகே பெயர் கிடைத்தது. நீளமான பெயர், விட்டுவிடுகிறேன். சைனஸ் அறைகளில் அபூர்வமாக வந்து, வேகமாகப் பரவும் புற்று. கண்குழியை அது நெருக்கியதால்தான் லாரி இரண்டானது.

வெட்டியெடுத்தால் கண்ணும் சேர்ந்து போகலாம்.

"கண்ணா உயிரான்னு கேக்கறீங்களா, டாக்டர்?"

"முதல்ல ரெண்டையும் கேட்டுப் பாப்போம்மா."

வேகமாக வளர்வது சில சமயம் மருந்துக்கு வேகமாக மசியும் என்று அவர் விளக்கினார். முதலில் கீமோ. சுருங்கினால் கதிர், சுருங்காவிட்டால் கத்தி.

4

கணவரை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. முதல் வரைவில் ஓடிப்போக வைத்தேன். கதைகளில் கணவர்கள் அதற்கு வசதியானவர்கள். இரண்டாவதில், ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் அவர் குலுங்கிக் குலுங்கி [இந்த வாக்கியத்தை முடிக்க மனமில்லை.]

தையல்காரரான அந்த மனிதர் செய்தது வேறு. ஒரு நாள் முழுக்க இடக்கண்ணைத் துணியால் கட்டிக்கொண்டு வீட்டில் நடமாடினார். ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. டம்ளருக்குப் பக்கத்தில் தேநீரை ஊற்றிக் காலைச் சுட்டுக்கொண்டார். மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரிப்பு ஓய்ந்ததும், கட்டை அவிழ்க்காமலே கணவர் சொன்னார்:

"கஷ்டமாத்தான் இருக்கு. பழகிக்கலாம் போல. நீ இருந்தா போதும்."

நோய் வந்த பிறகு மனைவி முதன்முதலாக அழுதது அன்றைக்குத்தான்.

5

கட்டி பாதிக்கு மேல் சுருங்கியது. கண் தப்பியது. கதிரும் முடிந்தது, பார்வை நேரானது. மோப்பம் மட்டும் திரும்பவில்லை. "டீசல் நாத்தம் தெரியலன்னா லாபந்தானே?" என்கிறார். சோறும் மணக்கவில்லை என்பதைக் கணவர்தான் சொன்னார்.

அடுத்த வாரம் ஸ்கேன். அதற்கு இரண்டு முடிவுகள் எழுதி வைத்திருக்கிறேன். ஒன்றில் எல்லாம் சுத்தம்; அவர் ஸ்டியரிங்கைப் பிடிக்கிறார். மற்றதில் படத்தில் ஒரு புள்ளி. மருத்துவர் நாற்காலியை அருகே இழுத்து...

எது வேண்டும் என்று அந்த ஓட்டுநரிடமே தொலைபேசியில் கேட்டேன்.

"ரெண்டும் உங்ககிட்டயே இருக்கட்டும். எனக்குத் துணி காயப்போடற வேல இருக்கு," என்று வைத்துவிட்டார்.

இரண்டும் இங்கே மேசைமேல் கிடக்கின்றன. வேண்டியதை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்கேன் அறை வாசலில் அந்தத் தையல்காரரோடு உட்கார ஓர் ஆள் வேண்டும், நான் போகிறேன்.