சபையார் சொல்ல வேண்டியது

றொசாந்திக்கு வியாழக்கிழமை என்றால் பனி கொட்டும் நாள். நெல்லியடிச் சந்தைக்குப் பக்கத்தில் அவள் வேலை செய்யும் போட்டோக்கொப்பிக் கடைக்கு, சபையின் தலைமை அலுவலகத்திலிருந்து ஆராதனைத் தாள் வாட்சப்பில் வந்து விழுவது அன்றுதான். ஞாயிற்றின் பெயர், பீடத் துணியின் நிறம், மூன்று வேத வாசிப்புகள், ஒரு பக்கத் தியானம், மன்றாட்டு. எல்லாவற்றுக்கும் அடியில், ‘சபை விரும்பினால் தன் சொந்த வேண்டுதலை இங்கே சேர்க்கலாம்’ என்று ஒரு வரி. அந்த வரியை இதுவரை ஒருவரும் சட்டை செய்ததில்லை.

தியானத்தை யாரோ குளிர்நாட்டில் இருந்து எழுத, வேறு யாரோ தமிழாக்கி அனுப்புகிறார்கள். அதனால் வடமராட்சி வெய்யிலில் முதுகு வேர்க்க நின்றுகொண்டு, ‘வாசலில் குவிந்த பனியை வாரித் தள்ளும்போது’ கடவுளின் பொறுமையை எண்ணும்படி அவள் அச்சடிக்க வேண்டியிருக்கும். அச்சடிப்பாள். பிறகு பேனையை எடுத்துப் பனியை வெட்டிவிட்டு, ‘கிணற்றடிப் பாசியை உரஞ்சும்போது’ என்று எழுதிவிடுவாள். பாசி வழுக்கி விழுந்தவர்கள் சபையில் மூன்று பேர். அவர்களுக்குப் பொறுமை என்றால் என்னவென்று உடனே விளங்கும்.

லூத்தரன் சபை என்றால் அந்தப் பகுதியில் பாதிப் பேருக்கு அது என்ன சபை என்றே தெரியாது. வல்வெட்டித்துறைக்குப் போகிற வீதியில், வெங்காயத் தோட்டங்களுக்கு நடுவே, ஓடு போட்ட சின்னக் கோயில். வருகிறவர்கள் பதினொரு பேர். பக்கத்துத் தோட்டக்காரர் கனகசபாபதியையும் சேர்த்தால் பன்னிரண்டு. ஆனால் அவரைச் சேர்க்க முடியாது, அவர் சைவர். மணியடிக்கிறவன் கனடாவுக்குப் போன பிறகு, ‘மணி சும்மா தூங்கினா எனக்கு மனம் கேக்காது’ என்று கயிற்றைப் பிடித்தவர், திருநீற்றோடு வந்து மணியடித்துவிட்டுக் கடைசி வாங்கில் ஆராதனை முடியும்வரை உட்கார்ந்திருப்பார்.

போதகர் மாதத்தில் ஒரு ஞாயிறுதான் வருவார். மற்ற ஞாயிறுகளில் தாளை நின்று வாசிப்பது றொசாந்தி. நாற்பத்தாறு வயது, கணவன் இறந்து ஒன்பது வருடம். கிழமையில் ஆறு நாளும் ஊராருடைய காணி உறுதிகளையும் பிறப்புப் பத்திரங்களையும் வாய் திறவாமல் பிரதி எடுத்துக்கொடுப்பவள், ஏழாம் நாள் வாய் திறப்பாள். மற்றப் பத்துப் பேரும் ஒரு சைவரும் கேட்பார்கள். அந்த ஒரு மணித்தியாலம்தான் அவளை மற்ற ஆறு நாளும் நிமிர்த்தி வைத்திருந்தது.

போன மாதம் கொலின்ஸ் போதகர் அவளுடைய பேனை வேலையைக் கண்டுபிடித்துவிட்டார். யாழ்ப்பாணத்து நகரச் சபையிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருகிற முப்பது வயதுப் பிள்ளை. கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். மேலிடம் குனியச் சொன்னால் படுத்தே விடுகிற சாதி, அவ்வளவுதான்.

“றொசாந்தி அக்கா, தாளிலை உள்ளதை நாங்கள் மாத்தக் கூடாது. ஒரு எழுத்தும். போதகர் எண்டு போட்டிருந்தாப் போதகர் சொல்ல வேணும். சபையார் எண்டு போட்டிருந்தாச் சபையார் சொல்ல வேணும். அதுதான் ஒழுங்கு.”

“ஓம் ஐயா,” என்றாள்.

அடுத்த வியாழக்கிழமைகளில் பனி பனியாகவே போனது. ஐப்பசியில் ஒரு வியாழன், தாளின் தலைப்பைப் பார்த்தவள் இயந்திரத்தை நிறுத்திவிட்டாள். ‘ஆலயத்தை மூடும் ஒழுங்கு’ என்று போட்டிருந்தது.

கூடவே ஒரு கடிதம். பதினைந்து பேருக்குக் குறைந்த சபைகளை நகரச் சபையோடு சேர்க்கிறார்களாம். கட்டடத்தை ஒரு கம்பனி சாமான் அடுக்க எடுக்கிறதாம். சபையார் இனி யாழ்ப்பாணம் வந்து ஆராதிக்கலாமாம். ஞாயிற்றுக்கிழமையில் இரண்டு பஸ் பிடித்து, முழங்கால் தேய்ந்த சனம், வேறொருவர் வாசிக்கக் கடைசி வாங்கில் போய்க் குந்தி இருக்கலாமாம். யாரும் வந்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. றொசாந்திக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது.

ஒழுங்கை வரிவரியாகப் படித்தாள். முதலில் அந்த ஞாயிற்றின் வாசிப்பும் தியானமும். பிறகு போதகர் பீடத்துக்கு முன்னால் நின்று, ‘இந்த வீட்டில் எங்கள் ஊழியம் முடிந்தது என்று ஒருமனதாய் ஒப்புக்கொள்கிறோம்’ என்று செபிப்பார். சபையார்: ஆமென். அந்த ஆமெனுக்குப் பிறகு மெழுகுதிரி அணைக்கப்படும், பெரிய வேதப் புத்தகம் வெளியே போகும், கதவு பூட்டப்படும். ஆமெனுக்குப் பிறகு. அவள் அந்த இடத்தை இரண்டாம் முறையும் படித்தாள்.

பதினாலு வயதில், ஞானோபதேச வகுப்பில், ‘ஆமென் எண்டாச் செபம் முடிஞ்சுது எண்டு கருத்து’ என்று சொல்லி உபதேசியாரிடம் குட்டு வாங்கியவள் அவள். முடிந்தது என்று கருத்தில்லை, மடைச்சி, என்றார் அவர். எனக்குச் சம்மதம் என்று கருத்து. வாயால் போடுகிற கையெழுத்து. ஊராரின் கையெழுத்துகளைப் பிரதியெடுத்தே நரைத்தவளுக்கு, கையெழுத்து விழாத உறுதி செல்லாது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பன்னிரண்டு பிரதி எடுத்தாள். ஒரு எழுத்தையும் மாற்றவில்லை.

வெள்ளிக்கிழமை பின்னேரம் சைக்கிளில் வீடு வீடாகப் போனாள். எல்லாரும் தலையாட்டினார்கள். சிக்கல் சின்னத்தங்கத்தின் வீட்டில்தான். மீன் விற்று ஏழு பிள்ளைகளைக் கரைசேர்த்த மனுசி. குரலுக்கு இன்னும் சந்தைக் காரம் குறையவில்லை. செபம் முடிய இரண்டு சொல் இருக்கும்போதே அவளுடைய ஆமென் கிளம்பிவிடும்.

“எடி பிள்ளை, நான் உனக்கு வாக்குக் குடுப்பன். என்ரை வாய் குடுக்காது,” என்றாள் சின்னத்தங்கம். “எழுவது வருசப் பழக்கம். அவர் மூச்சை இழுக்க முன்னம் அது பாய்ஞ்சிடும்.”

“மாமி, நீங்கள் ஒராள் சொன்னாலும் காணும். கோயில் போச்சு.”

சின்னத்தங்கம் யோசித்தாள். “அப்ப வாயை அடைக்க வேணும்,” என்றாள்.

ஞாயிறு காலை எட்டரைக்குக் கனகசபாபதி மணியடித்தார். வழக்கமாகப் பன்னிரண்டு அடி. அன்று கோபத்தில் எண்ண மறந்து அடித்துக்கொண்டே இருந்தார். கொலின்ஸ் போதகர் வெள்ளை அங்கியோடும் பச்சைத் தோள்பட்டியோடும் வந்தார். கையில் ஒரு புதுப் பூட்டு. அதை முன் வாங்கில் வைத்துவிட்டு யாருடைய முகத்தையும் பார்க்காமல் பாட்டைத் தொடங்கினார்.

அன்றைய வாசிப்பு, நீதி கேட்டு நீதிபதியை விடாமல் அலைக்கழித்த கைம்பெண்ணின் கதை. தியானமோ, அந்தப் பெண் அமைதியாகக் காத்திருந்தாள் என்றும் நாமும் அப்படியே மாற்றங்களை ஏற்கவேண்டும் என்றும் சொன்னது. றொசாந்தி அதை எழுத்துப் பிசகாமல் வாசித்தாள். அமைதியாகக் காத்திருந்தாளாம்! அந்த மனுசனை நித்திரை கொள்ளவிடாமல் ஆக்கினை கொடுத்தவளைப் பிடித்து அமைதிக்காரி ஆக்கிவிட்டார்களே என்று அவளுக்கு உள்ளே கொதித்தது.

பிறகு போதகர் பீடத்துக்கு முன்னால் போய் நின்றார். பின்னால் சரசரவென்று சத்தம். றொசாந்தி திரும்பிப் பார்த்தாள். சின்னத்தங்கம் பையிலிருந்து ஒரு முழுப் பனங்கட்டியை எடுத்து, ஓலைக் குட்டானை உரித்து, அப்படியே வாய்க்குள் திணித்துக்கொண்டிருந்தாள். இரண்டு கன்னமும் உப்பிப்போயின.

“...ஒருமனதாய் ஒப்புக்கொள்கிறோம்,” என்று முடித்தார் போதகர்.

ஒரு சத்தமும் இல்லை. வெளியே எங்கோ தண்ணி இறைக்கிற மோட்டர் மட்டும் உறுமியது. சின்னத்தங்கத்தின் தொண்டையில் ஏதோ கிளம்பிப் பனங்கட்டியில் முட்டித் திரும்பிப் போனது.

சனத்துக்குக் கேட்கவில்லையாக்கும் என்று எண்ணிய போதகர் இன்னும் உரக்கச் சொன்னார். அமைதி. மூன்றாந்தரம் சொன்னபோது அவருடைய காது சிவந்துவிட்டது.

“என்ன இது? ஆமென் சொல்லுங்கோவன்.”

“சம்மதம் இல்லை, ஐயா,” என்றாள் றொசாந்தி. “அதாலை சொல்லேல்லை.”

“அக்கா, உது மேலிடத்து முடிவு.”

“மேலிடம் சொல்ல வேண்டியதை மேலிடம் சொல்லிப்போட்டுது. சபையார் சொல்ல வேண்டியதைச் சபையார்தான் சொல்ல வேணும்.”

போதகர் தாளைப் பார்த்தார், பூட்டைப் பார்த்தார். “சரி, அப்ப நானே சொல்லி முடிக்கிறன்.”

“ஏலாது ஐயா. சபையார் எண்டு போட்டிருக்கு. ஒரு எழுத்தும் மாத்தக் கூடாது எண்டு நீங்கள்தானே சொன்னியள்?”

கடைசி வாங்கில் கனகசபாபதி தொண்டையைச் செருமினார். சிரிப்பை அப்படித்தான் அவரால் மறைக்க முடிந்தது. போதகர் ‘சபையார்’ என்ற சொல்லில் விரலை வைத்துப் பார்த்தார். பாவம், அவரும் அதே ஞானோபதேசம் படித்து வந்தவர்தான். செல்லாத கையெழுத்தைத் தானே போட அவருக்கும் மனம் வரவில்லை.

“அப்ப இது முடியேல்லை,” என்றார் மெதுவாக.

“முடியேல்லை. தாளிலை இன்னும் ஒரு வரி கிடக்கு,” என்றாள் றொசாந்தி.

கிடந்தது. மூடும் ஒழுங்கின் அடியிலிருந்தும் அதை எடுக்க அலுவலகத்தில் மறந்துபோனார்கள்: சபை விரும்பினால் தன் சொந்த வேண்டுதலை இங்கே சேர்க்கலாம். றொசாந்தி எழுந்து நின்றாள். கையில் தாள் இல்லை, பேனையும் இல்லை. யாரோ எழுதியதை வாசித்தே பழகியவள் தன் சொந்தச் சொல்லில் தொடங்கினாள்.

“ஆண்டவரே, அந்தப் பொம்பிளை அமைதியா இருக்கேல்லை எண்டு உமக்குத் தெரியும். கதவைத் தட்டித் தட்டியே நீதியை வாங்கினவள். நாங்களும் தட்டுவம். எங்களுக்குத் தாள் வராட்டி நாங்களே எழுதுவம். போதகர் வராட்டி நாங்களே வாசிப்பம். பதினொரு பேர் காணாது எண்டு அவை சொல்லட்டும், ரெண்டு மூண்டு பேர் காணும் எண்டு நீர் சொன்னனீர். வாற ஞாயிறும் எட்டரைக்கு இந்த மணி அடிக்கவும், இந்தக் கதவு திறக்கவும், இந்தத் திரி...”

“ஆமென்!”

பனங்கட்டி கரைந்திருந்தது. சின்னத்தங்கத்தின் ஆமென் ஓட்டில் பட்டுத் திரும்பியது. அதைப் பிடித்துக்கொண்டு மற்றவர்களும் சொன்னார்கள். அத்தனை பேருடைய குரலுக்கும் பின்னால், பிந்தி, தெளிவாக, பீடத்துக்கு முன்னாலிருந்தும் ஒரு ஆமென் வந்தது.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கொலின்ஸ் போதகர் வாயைக் கையால் பொத்தியபடி நின்றார்.

“பழக்கத்திலை வந்திட்டுது,” என்றார்.

“சொன்னது சொன்னதுதான், ஐயா,” என்றாள் றொசாந்தி. முன் வாங்கில் கிடந்த பூட்டை எடுத்து அவருடைய கையில் கொடுத்தாள். “இதைக் கொண்டு போங்கோ. எங்களுக்கு எங்கடை பழைய பூட்டே போதும். வாற ஞாயிறு எட்டரைக்கு.”