பாம்பு சாப்பிடும் வரை

பாம்பே இல்லாத நாடு என்று சொல்லித்தான் பங்கஜத்தை நியூசிலாந்துக்கு அழைத்து வந்தேன். ஊரில் இரண்டு முறை கரு கலைந்தபோது ஜோசியர்கள் எல்லாரும் ஒரே பாட்டைப் பாடினார்கள்: நாகதோஷம். கல்லில் நாகம் செய்து வைத்துப் பால் ஊற்றினோம். எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது, அவளுக்காக ஊற்றினேன். ஆக்லாந்து வந்து, கிளென்ஃபீல்டில் வாடகை வீட்டில் குடியேறியபின் அவள் மறுபடி உண்டானாள். ஐந்தாம் மாதமும் தாண்டியது.

அப்போதுதான் என் தம்பி மதன்குமார் பிரிஸ்பேனிலிருந்து வந்து இறங்கினான். அவன் கோட்டுப் பைக்குள் ஒரு காலுறை, காலுறைக்குள் ஒரு மலைப்பாம்புக் குட்டி.

"நான் வளர்க்கறதுண்ணா. கடிக்காது" என்று இளித்தான். தொண்டை வரைக்கும் வந்த கெட்ட வார்த்தையைப் பங்கஜத்தின் முகத்துக்காக விழுங்கினேன். திரும்பும்போது அதை மறுபடி ஏர்போர்ட் வழியாகக் கொண்டுபோகப் பயந்து, எங்கள் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டான்.

இந்த நாட்டில் பாம்பு வைத்திருப்பது குற்றம். மிருக வைத்தியரிடம் காட்டினால் விஷயம் வெளியே போகும், போனால் பாம்பைக் கொன்றுவிடுவார்கள். அதிகாரிகளிடமே கொடுத்துவிடலாம் என்றேன். பங்கஜம் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"வயித்துல புள்ளைய வச்சுக்கிட்டு பாம்பைக் கொலைக்கு அனுப்பச் சொல்றீங்களா?"

அதோடு பேச்சு முடிந்தது. ஜன்னலோரம் சாமி படங்களுக்குக் கீழே அட்டைப்பெட்டியில் அதைக் குடிவைத்தாள். வெள்ளிக் கிண்ணத்தில் மஞ்சள் கலந்த பால், பக்கத்தில் ஒரு முட்டை, வெள்ளிக்கிழமை கற்பூரம். இங்கே ஜூலைதான் குளிர்காலம்; அந்தக் குளிரில் வீட்டிலேயே சில்லிட்ட இடம் அந்த ஜன்னல்தான். பாலின் மட்டம் குறைந்தால், குடித்துவிட்டது என்று பூரித்துப்போவாள். எனக்கும் ஒரு மண்ணும் தெரியாது. தலையாட்டினேன்.

பாம்பு இளைத்தது. முதுகெலும்பு மட்டும் தூக்கி நிற்க, இரண்டு பக்கமும் தோல் காலிப் பை மாதிரி தொங்கியது. அதைப் பார்த்த நாளிலிருந்து பங்கஜமும் தட்டைத் தள்ளிவிட்டாள்.

"நம்மள நம்பி வந்தது பட்டினி கெடக்கு. அது சாப்பிடாம எனக்கு எறங்காதுங்க."

கெஞ்சினேன், திட்டினேன், காலில் விழாத குறை. இரண்டு வாய் மோர் குடிப்பாள், அதையும் வாந்தியெடுப்பாள். பரிசோதனைக்குப் போனபோது மருத்துவச்சி அவளை எடை பார்த்துவிட்டு என்னை முறைத்தாள். குழந்தை வளரவில்லை, இப்படியே போனால் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும், வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்று கேட்டாள். பாம்பு சாப்பிடவில்லை என்று எந்த வாயால் சொல்வேன்? மூன்றாவதும் போய்விடுமோ என்ற நினைப்போடு காரை ஓட்டி வந்தேன்.

வந்ததும் மதனுக்குப் போன் போட்டேன்.

"பாலா? பாம்பு பால் குடிச்சு உயிர் வாழுமாண்ணா? எலி குடு."

"எலியா?"

"மொதல்ல சூடு காட்டு. குளிர்ல தின்னா செரிக்காது, கக்கிடும். இருக்கற நெலமையில கக்கினா செத்துடும். ஒளிஞ்சுக்க இறுக்கமா ஒரு எடம் வேணும். யாரும் தொடக்கூடாது."

அன்றே அதை வெந்நீர் டாங்க் இருக்கும் அலமாரிக்குள் மாற்றினேன். ஈரத்துணி காயப்போடும் இடம், எப்போதும் கதகதவென்று இருக்கும். பெட்டியின் ஒரு முனையை டாங்க் பக்கம் வைத்தேன், மறுமுனையைத் தள்ளி, சூடு அதிகமானால் நகர்ந்துகொள்ளட்டும் என்று. சின்ன அட்டை டப்பாவில் ஓட்டை போட்டுக் கவிழ்த்தேன். பாலைக் கொட்டிவிட்டுத் தண்ணீர் வைத்தேன். கற்பூரத்தோடு வந்த பங்கஜத்தைக் கையெடுத்துக் கும்பிட்டுத் திருப்பி அனுப்பினேன். எலி விஷயத்தை மட்டும் அவளிடம் சொல்லவில்லை. சில நாளில் பாம்பு தெம்பாக நாக்கை நீட்டியது. பங்கஜமோ எழுந்து நடக்கவே சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது.

செல்லப்பிராணிக் கடையில் இருந்ததிலேயே சின்ன வெள்ளெலியாகக் கேட்டேன். குழந்தைக்கா என்று கடைக்காரப் பெண் சிரித்தாள். ஆமாம் என்றேன். அது பொய்யில்லை.

உயிரோடு விட்டால் நலிந்த பாம்பை எலி கடித்துவிடும் என்று மதன் எச்சரித்திருந்தான். முட்டைகூட உடைத்துப் பழகாதவன் நான். கர்ப்பிணியின் புருஷன் உயிர்க்கொலை செய்யக்கூடாது என்பார்கள். இதையெல்லாம் கேட்டு ஆயுசு முழுக்கச் சிரித்தவன், அன்றைக்கு கராஜில் அந்த வெதுவெதுப்பான உடம்பைக் கையில் வைத்துக்கொண்டு அத்தனையையும் நம்பினேன். எப்படிச் செய்தேன் என்று சொல்ல மாட்டேன். செய்துவிட்டு வாய்விட்டு அழுதேன்.

மதன் சொன்னபடி அதை வெந்நீரில் முக்கிச் சூடாக்கி, சப்பாத்தி இடுக்கியால் பிடித்துப் பாம்பின் முன்னால் நீட்டினேன். அது அசையவில்லை. கை கடுத்தது.

"சாப்பிடுடா. உன் கால்ல விழறேன், சாப்பிடு" என்றேன். அதற்குக் கால் ஏது என்றுகூட அப்போது தோன்றவில்லை.

சட்டென்று பாய்ந்து கவ்விச் சுற்றிக்கொண்டது. தலைப்பக்கமாக, கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இழுத்தது. மூச்சு வந்து நான் திரும்பினால், பங்கஜம் சுவரைப் பிடித்தபடி நின்றிருந்தாள். பாம்பின் வாய்க்கு வெளியே வால் மட்டும் மீதி இருந்தது.

"எலியா?"

"ஆமா."

"நீங்களா கொன்னீங்க?"

"ஆமா."

கத்துவாள் என்று நினைத்தேன். அங்கேயே தரையில் உட்கார்ந்தாள்.

"ரசம் இருக்கா?"

ஓடிப்போய்ச் சோற்றைக் குழையப் பிசைந்து கொண்டுவந்தேன். அவள் வாரி வாரிச் சாப்பிட்டாள். கண்ணீர் தட்டில் விழுந்தது, துடைக்கவில்லை.

"அந்த எலி ஆணா, பொண்ணா?"

"பாக்கலியே."

"வயித்துல குட்டி கிட்டி இருந்திருக்குமோ?"

அவள் கை கொஞ்ச நேரம் தட்டிலேயே நின்றது. பிறகு என் முகத்தைப் பார்க்காமல் தட்டை நீட்டினாள்.

"இன்னும் கொஞ்சம் போடுங்க."