வளைவுக்குத் தோண்டிய குழி

புதுக்கொல்லைப் பஞ்சாயத்தில் மக்களைக் கேட்காமல் ஒரு துரும்பைக்கூடக் கிள்ளிப் போடுவதில்லை என்று ஹாஜா முகைதீன் மேடைக்கு மேடை சொல்லுவார். அவர் தலைவர் இல்லை. தலைவர் அவர் மனைவி மலிகா. பெண்களுக்கு ஒதுக்கிய பதவி என்பதால் மலிகா கையெழுத்துப் போடுவாள், மாலை வாங்கிக்கொள்வாள். மற்றதையெல்லாம் ஹாஜா முகைதீன் பார்த்துக்கொள்வார். மக்களைக் கேட்கிறார் என்பதும் பொய்யில்லை. கேட்கத்தான் செய்தார். யாரைக் கேட்டார் என்பதில்தான் நஸீஹாவுக்கும் அவள் புருஷன் உசாமாவுக்கும் சண்டை வந்தது.

பஞ்சாயத்துக்கு ஒரு நிதி வந்திருந்தது. அதில் கீழத்தெருவுக்குக் குடிநீர்க் குழாய் போடுவதா, ஊர் முகப்பில் அலங்கார வளைவு கட்டுவதா என்று 'நம்ம ஊர் நம்ம கருத்து' என்ற வாட்ஸப் குழுவில் ஓட்டெடுப்பு வைத்தார்கள். வீட்டுக்கு ஒரு எண், அதுவும் குடும்பத் தலைவர் எண். கீழத்தெருக் குடும்பத் தலைவர்களில் பாதிப் பேர் தோஹாவிலும் மீதிப் பேர் ரியாத், ஷார்ஜா என்றும் இருந்தார்கள். அவர்கள் அறையில் குழாயைத் திறந்தால் சுடுதண்ணீரும் வரும், பச்சைத் தண்ணீரும் வரும். ஆக, வளைவு அமோகமாக ஜெயித்தது.

"நீங்க எதுக்கு மச்சான் போட்டீங்க?" என்று நஸீஹா வீடியோவில் கேட்டாள்.

தோஹா அறையில் உசாமா தலையைச் சொறிந்தான். "வளைவுக்குத்தான் புள்ள. போட்டோவுல என்னா அழகா இருந்துச்சு தெரியுமா? பச்சையும் தங்கமுமா, ரெண்டு பக்கமும் மினாரா மாதிரி. ரூமுல எல்லாப் பயலும் அதுக்குத்தான் போட்டான்."

"குழாய்னு ஒண்ணு இருந்துச்சே, அது கண்ணுல படலயா?"

"அதுக்குப் போட்டோ போடலயே."

"நான் எங்க போயித் தண்ணி எடுக்கிறேன்னு தெரியுமா உங்களுக்கு?"

"எங்க எடுக்கிற?" என்று அவன் வெள்ளந்தியாகக் கேட்டான்.

நஸீஹாவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இவனைக் கட்டி ஏழு வருஷம். லீவில் வருவான், வந்தால் வெயில் ஏறும்வரை தூங்குவான். அவன் கண்ணைத் திறக்கும்போது அண்டா நிறைந்திருக்கும், குளிக்க வாளி நிறைந்திருக்கும், டீ ஆறிக்கொண்டிருக்கும். தண்ணீர் அந்த வீட்டில் தானாகவே ஊறுகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தான் போலும். கூட்டுக் குடிநீர்க் குழாய் மெயின் ரோட்டுப் பள்ளிக்கூடத்தோடு நின்றுவிட்டது. அங்கிருந்து கீழத்தெருவுக்கு மணலில் கால் புதையப் புதைய இடுப்பில் குடத்தோடு வர வேண்டும். போன மாதம் இடுப்பு வலி தாங்காமல் ராமநாதபுரத்தில் டாக்டரம்மாவிடம் காட்டினாள். அந்த அம்மா இரண்டே விஷயம் சொன்னார்: தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், தண்ணீர்க் குடம் தூக்கவே கூடாது.

"நோன்புக்கு வாரேன்ல, பேசிக்கலாம் புள்ள," என்றான் உசாமா.

"வாங்க. வளைவுக்குக் கீழ பாய் போட்டு வைக்கிறேன். அங்கனயே படுத்துக்கோங்க," என்று சொல்லிப் போனை வைத்தாள்.

அவளுக்கு ஒரே ஒரு நம்பிக்கை மிச்சமிருந்தது. குடியரசு தினத்தன்று கிராம சபை. அங்கே வாட்ஸப் இல்லாதவர்களும் பேசலாம், பொம்பளைகளும் பேசலாம் என்று சட்டமே இருக்கிறது என்று டி.வி.யில் சொன்னார்கள். இடுப்பு ஒடிவதற்குள் குழாயைத் தெருவுக்குள் கொண்டுவந்துவிட வேண்டும் என்று முடிவு கட்டினாள்.

கிராம சபைக்கு முதல் நாள், வடக்குத்தெருப் பிச்சையம்மாளோடு பள்ளிக்கூடத்துக் குழாய்க்குப் போகும்போது, ஊர் முகப்பில் ஒரு ஜே.சி.பி. உறுமிக்கொண்டிருந்தது. ரோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு குழி, அந்தப் பக்கம் ஒரு குழி. இரண்டும் ஆள் முழுகும் ஆழம். பஞ்சாயத்துச் செயலர் சுரேஷ் குடை பிடித்துக்கொண்டு மேற்பார்வை பார்த்தார்.

"என்ன தம்பி, யாரைப் புதைக்கப் போறீக?" என்றாள் பிச்சையம்மாள். அவளுக்கு ஊரில் யாரிடமும் பயம் கிடையாது. நாற்று நடவும் களை எடுக்கவும் பத்து ஊருக்குப் போகிறவள். வாய் மட்டும் பதினோராவது ஊருக்கும் கேட்கும்.

"வளைவுக்குத் தூண் குழிங்கம்மா."

"நாளைக்குத்தானே சார் கூட்டம்?" என்றாள் நஸீஹா. "அங்கதானே முடிவு பண்ணுவாங்க?"

"ஆமாக்கா. நாளைக்குத்தான் முடிவு பண்றோம்," என்றார் சுரேஷ், கொஞ்சமும் கூசாமல். "முடிவானதுக்கப்புறம் வேலை தாமதம்னு நீங்கதானே திட்டுவீங்க? அதான் முன்கூட்டியே."

பள்ளிக்கூட மைதானத்தில் சாமியானா போட்டிருந்தார்கள். முன்னால் ஆண்களுக்கு நாற்காலி, பின்னால் பெண்களுக்கு ஜமுக்காளம். மலிகா கொடியேற்றிவிட்டு, புதுப் புடவையின் முக்காட்டைச் சரிசெய்தபடி உட்கார்ந்தாள். "தலைவர் அவர்கள் இப்போது உரையாற்றுவார்" என்று சுரேஷ் அறிவித்ததும் ஹாஜா முகைதீன் எழுந்து மைக்கைப் பிடித்தார். யாருக்கும் அது வித்தியாசமாகப் படவில்லை. மலிகாவே கைதட்டினாள்.

அரை மணி நேரம் ஜனநாயகத்தைப் பற்றிப் பேசினார். மிக்சர் வந்தது. டீ வந்தது. டீ முடிகிற நேரம் பார்த்து நஸீஹா எழுந்தாள். ஹாஜா முகைதீனை அண்ணன் முறை வைத்துக் கூப்பிட்டாள்.

"காக்கா, எங்க தெருவுக்குக் குழாய் வேணும். வளைவு அப்புறமாக் கட்டிக்கலாம்."

ஹாஜா முகைதீன் மனம் குளிர்ந்தவர் மாதிரிச் சிரித்தார். "மாஷா அல்லாஹ்! நம்ம தங்கச்சி தைரியமாப் பேசுது பாருங்க. இப்படித்தான் பொம்பளைக முன்னுக்கு வரணும். எல்லாரும் கைதட்டுங்க." தட்டினார்கள். "ஆனா தங்கச்சி, உங்க வீட்டுக் கருத்து ஏற்கெனவே வந்துருச்சே. உசாமா வளைவுக்குப் போட்டிருக்காரு. ரெண்டு பூவும் போட்டு, சூப்பர்னு வேற எழுதியிருக்காரு."

நாற்காலிப் பக்கம் சிரிப்பு கிளம்பியது. நஸீஹாவின் காது சிவந்தது. ரெண்டு பூவாம். அவளுக்குக் கல்யாண நாளுக்கு ஒரு பூதான் வந்தது.

"அது அவுக கருத்து காக்கா. தண்ணி தூக்குறது நானு."

"ஒரு வீட்டுக்கு ஒரு கருத்துதாம்மா. வீட்டுக்குள்ள ரெண்டு கருத்து இருந்தா அது குடும்பப் பிரச்சினை. அதை ஜமாத்துல பேசிக்கலாம்."

பிச்சையம்மாள் உட்கார்ந்த இடத்திலிருந்தே குரல் கொடுத்தாள். "எங்க வீட்டுல வாட்ஸப்பே இல்லயே சாமி. அப்ப எங்களுக்குக் கருத்தே கிடையாதா?"

"உங்களுக்காகத்தானே ஆபீஸ் வாசல்ல கருத்துப் பெட்டி வச்சிருக்கோம்!"

"அதுல போன வருஷம் போட்டதை எடுத்துப் பாத்தீகளா?"

ஹாஜா முகைதீன் சுரேஷைப் பார்த்தார். சுரேஷ் தொண்டையைச் செருமினார். "சாவி பழைய செயலர்கிட்ட இருக்கு. அவரு மாத்தலாகிக் கடலாடிக்குப் போயிட்டாரு. வந்தா வாங்கிடலாம்."

ஜமுக்காளப் பக்கம் சலசலப்பு ஏறியது. நாலைந்து பெண்கள் நஸீஹாவை உட்காரவைத்து அவளுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள். ஹாஜா முகைதீன் கையைக் காட்டி அமர்த்தினார். "சரி, சரி. மக்கள் சொல்றதுதான் இங்க சட்டம். வளைவு வேணுங்கிறவுக எல்லாரும் எந்திரிச்சு நில்லுங்க, பாத்துருவோம்."

நாற்காலியில் பாதிப் பேர் எழுந்தார்கள். ஜமுக்காளத்தில் ஒருத்தியும் அசையவில்லை. நஸீஹா மனதுக்குள் எண்ண ஆரம்பித்தாள், பெண்கள்தான் அதிகம். ஜெயித்துவிடுவோம் போலிருந்தது. அந்த நேரம் ஹாஜா முகைதீன் ஒலிபெருக்கிக்காரரைப் பார்த்து மெல்லத் தலையசைத்தார்.

ஸ்பீக்கரில் நாட்டுப்பண் தொடங்கியது.

என்ன செய்ய முடியும்? எல்லோரும் எழுந்து நின்றார்கள். பிச்சையம்மாள்கூட முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, கை இரண்டையும் தொங்கவிட்டு விறைப்பாக நின்றாள். மொத்த ஊரும் அசையாமல் நிற்க, சுரேஷ் அட்டென்ஷனில் நின்றபடியே போனை மட்டும் நெஞ்சுயரத்துக்குத் தூக்கி, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை போட்டோ எடுத்தார்.

பாட்டு முடிந்தது. "தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. நன்றி," என்றார் ஹாஜா முகைதீன். சாமியானாவை அவிழ்க்க ஆரம்பித்துவிட்டார்கள்.

வீட்டுக்குப் போகும் வழியில் போட்டோ குழுவில் வந்துவிட்டது. 'வளைவுக்கு ஆதரவாக எழுந்து நின்ற புதுக்கொல்லை மக்கள்.' நடுவில் நஸீஹா, எல்லோரையும்விட நிமிர்ந்து நின்றாள். அடியில் உசாமா மூன்று பூ போட்டிருந்தான்.

"இந்த மனுசனை..." என்று பல்லைக் கடித்தாள்.

பிச்சையம்மாள் கையிலிருந்த டீக் கப்பைக் கசக்கி வளைவுக் குழிக்குள் வீசினாள். கூடவே ஹாஜா முகைதீனின் வம்சத்தைப் பற்றியும் நாலு வார்த்தை வீசினாள். கப் விழுந்த சத்தம் அவள் எதிர்பார்த்த மாதிரி இல்லை. இருவரும் எட்டிப் பார்த்தார்கள். நேற்று ஈர மணலாக இருந்த குழியில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. கப் மிதந்தது.

"கடல் தண்ணியா இருக்கும்," என்றாள் நஸீஹா.

"இரு, பாப்போம்." பிச்சையம்மாள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சரிவில் இறங்கி, கையில் அள்ளி வாயில் ஊற்றினாள். கண்ணை மூடினாள். ரொம்ப நேரம் திறக்கவே இல்லை.

"என்ன பெரியம்மா, துப்புங்க!"

"எதுக்குத் துப்பணும்? இளநி மாதிரி இருக்கு தாயி."

கடல் பக்கத்துக் குழியில் பார்த்தால் வாயில் வைக்க முடியாத உப்பு. ரோடு ஒன்றுதான் நடுவில். அந்தக் கரையோரத்தில் மணல் அப்படித்தான். ஒரு இடத்தில் கரிக்கும், நாலு எட்டு தள்ளி இனிக்கும். எங்கே இனிக்கும் என்று தேடித் தோண்டக் கீழத்தெருவில் ஆளும் இல்லை, ஜே.சி.பி.யும் இல்லை. இப்போது பஞ்சாயத்தே செலவழித்துத் தோண்டிக் கொடுத்திருந்தது.

சாயங்காலத்துக்குள் குழியைச் சுற்றிக் குடங்கள் வரிசையாக நின்றன. யாரோ ஏணி கொண்டுவந்து இறக்கினார்கள். யாரோ தேங்காய்ச் சிரட்டையில் கம்பைச் செருகி அகப்பை செய்துவந்தார்கள். குழாயடியில் முகம் பார்த்துப் பேசாத இரண்டு பேர் இங்கே ஒருத்திக்கு ஒருத்தி மொண்டு ஊற்றினார்கள்.

மறுநாள் கம்பியும் சிமெண்டும் ஏற்றிக்கொண்டு லாரி வந்தது. குழியைச் சுற்றிப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஹாஜா முகைதீன் மோட்டார் சைக்கிளில் பறந்து வந்தார்.

"என்னம்மா இது? மக்கள் ஏகமனதாத் தீர்மானம் போட்ட இடத்துல உக்காந்துக்கிட்டு! எந்திரிங்க!"

"நேத்துதான் எந்திரிச்சு நின்னோம் காக்கா. கால் வலிக்குது," என்றாள் நஸீஹா.

குழியே சிரித்தது. ஹாஜா முகைதீனுக்கு முகம் கறுத்தது. "சுரேஷ், தலைவர் கையெழுத்துப் போட்ட தீர்மானத்தைக் காட்டுய்யா!"

"தலைவரே அங்கன வாராங்க சார்," என்றார் சுரேஷ்.

மலிகா வந்துகொண்டிருந்தாள். இடுப்பில் ஒரு எவர்சில்வர் குடம். தலைவர் வீட்டில் போர் போட்டிருந்தார்கள். அதில் வருவது பாத்திரம் கழுவத்தான் லாயக்கு. குடிக்கிற தண்ணீருக்கு அவளும் கேன்காரனுக்குக் காத்துக் கிடக்கிறவள்தான். அது ஹாஜா முகைதீனுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. அவரும் வெயில் ஏறும்வரை தூங்குகிறவர்.

"நீ எதுக்கு இங்கன வந்த? வீட்டுக்குப் போ," என்று பல்லுக்குள் சொன்னார்.

மலிகா வரிசையில் குடத்தை வைத்தாள். "லாரியைத் திருப்பச் சொல்லுங்க."

"உனக்கு ஒண்ணும் தெரியாது. பேசாம இரு."

"ஆபீஸ் போர்டுல யாரு பேரு போட்டிருக்கு?" அவள் குரல் பெரிதாக எழவில்லை, ஆனாலும் எல்லோருக்கும் கேட்டது. "கையெழுத்து நான்தானே போட்டேன்? அழிக்கவும் எனக்குத்தான் தெரியும். இது குழி இல்லை, ஊத்து. சுரேஷ், கிணத்து உறை இறக்க ஆள் பாரு."

லாரி திரும்பியது. பெண்கள் மலிகாவை வரிசையில் முன்னால் போகச் சொன்னார்கள். "வேணாம் தாயி, வரிசைதான் சட்டம்," என்று பிச்சையம்மாள் மட்டும் தடுத்தாள். தலைவர் கடைசியில் நின்றாள்.

ஹாஜா முகைதீன் லேசுப்பட்ட ஆள் இல்லை. அன்று சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு ஊற்றின் பக்கத்தில் சிரட்டை அகப்பையோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். பொழுது சாய்ந்து மஃரிப் தொழுகைக்குள் அது குழுவில் ஏறிவிட்டது. 'மக்கள் கருத்தைக் கேட்டு, மக்கள் கேட்ட இடத்திலேயே பஞ்சாயத்து தோண்டிய நன்னீர் ஊற்று!' தோஹா, ரியாத், ஷார்ஜா எங்கும் பூக்கள் குவிந்தன. கூடவே புதிய ஓட்டெடுப்பு: ஊற்றுக்கு யார் பெயரை வைக்கலாம்? முதலாவது, ஹாஜா முகைதீனின் வாப்பா பெயர். இரண்டாவது, ஹாஜா முகைதீன் பெயர்.

நஸீஹா குடத்தோடு நிற்கும்போது உசாமா வீடியோவில் வந்தான். இந்தத் தடவை கொஞ்சம் பயந்த முகம்.

"புள்ள, புது ஓட்டெடுப்பு வந்திருக்கு. நான் இன்னும் போடலை. உன்னையக் கேட்டுட்டுப் போடலாம்னுதான்..."

அவளுக்குக் கோபம் பாதி இறங்கிவிட்டது. ஆனாலும் காட்டிக்கொள்ளவில்லை. போனைத் தன் குடத்தின் மேல் சாய்த்து, கேமரா வரிசையைப் பார்க்கிற மாதிரி வைத்துவிட்டு, குழிக்குள் மொண்டுகொண்டிருந்த பிச்சையம்மாளுக்குக் கை கொடுக்க ஏணியில் இறங்கினாள்.

"ஏய், எங்க போற? நஸீஹா!"

"அங்கனயே இருங்க மச்சான். என்ன தெரியுது?"

"கொடமாத் தெரியுது. பூராம் கொடந்தான்."

"நமக்கு முன்னால எத்தனை இருக்குன்னு பாத்துக்கோங்க. யாராவது கொடத்தை நகத்தி முன்னால வச்சா சத்தம் போடுங்க. நான் ஏறி வாரவரைக்கும் இடத்தை விட்றாதீங்க."

"எனக்கு டூட்டிக்கு நேரமாச்சு புள்ள!"

"எனக்கும் தினம் நேரமாகும்," என்று குழிக்குள்ளிருந்து குரல் வந்தது.

உசாமா போனை வைக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, புதுக்கொல்லை ஊற்றடியில் தோஹாவிலிருந்து ஒரு ஆண் குரல் பதறிக் கேட்டது: "யக்கா, யக்கா! அந்தப் பச்சைக் கொடம் பின்னாலதான் இருந்துச்சு, நான் பாத்தேன்!"