மகிழினியின் முறை

பெரம்பூரில் உள்ள அந்தப் பாலர் பள்ளியில் வெள்ளிக்கிழமைதோறும் ஜாஸ் வகுப்பு. கிளிஃபர்ட் சாக்ஸபோன் வாசிக்கத் தொடங்கியதும் படப் புத்தகத்தின் பக்கம் ஈரமாகும். குழந்தைகள் செருப்பைக் கழற்றிவிட்டு அதற்குள் போவார்கள். வாசிப்பு நிற்பதற்குள் வெளியே வந்துவிட வேண்டும். நின்றால் பக்கம் காய்ந்துவிடும், உள்ளே இருப்பது படமாகிவிடும். போன வருடம் ஒரு தண்ணீர் பாட்டில் அப்படித்தான் தங்கிப்போனது.

நிலாப் பாட்டுக்கும் யானைப் பாட்டுக்கும் பக்கம் திறப்பதில்லை. அடுத்து என்ன வரும் என்று அவற்றுக்குத் தெரியும். கிளிஃபர்ட்டுக்குத் தெரியாது. கல்யாண ரிசப்ஷன்களில் வாசிக்கிறவர், அறுபதைத் தாண்டியவர். வாசிக்கும்போது தன் சாக்ஸபோனையே சந்தேகத்தோடு பார்ப்பார்.

அன்று எல்லாக் குழந்தைகளும் வெளியே வந்துவிட்டார்கள். மகிழினி மட்டும் வரவில்லை.

வகுப்பாசிரியை பியூலா புத்தகத்தின் மேல் குனிந்தாள். படத்தில் ஒரு நீல மேடை. வாத்தியக்காரர்கள் நான்கு பேரும் வாசித்து முடித்துக் கைகட்டி நின்றிருந்தார்கள். டிரம்ஸுக்குப் பின்னால் மகிழினி சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள்.

"மகி, வெளிய வா கண்ணா. அம்மா வந்துடுவாங்க."

"என் டர்ன் இன்னும் வரல மிஸ்."

ஜாஸில் ஒருவர் வாசிக்கும்போது மற்றவர்கள் காத்திருக்க வேண்டும், எல்லோருக்கும் ஒரு முறை வரும் என்று முதல் வகுப்பில் சொல்லிக்கொடுத்தவளே பியூலாதான். இப்போது வாசித்துக்கொண்டிருப்பது கிளிஃபர்ட் ஒருவர்தான். அவர் நிறுத்தினால்தான் மகிழினியின் முறை வரும். நிறுத்தினால் பக்கம் காயும்.

பியூலா பக்கத்துக்குள் கையை விட்டுப் பார்த்தாள். பெரியவர்களின் கை மணிக்கட்டுக்கு மேல் போவதில்லை. வெளியே எடுத்தபோது விரல்களெல்லாம் நீலம். கிளிஃபர்ட்டின் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. ஸ்வரங்கள் மூச்சிரைத்தன.

மகிழினியின் அம்மா வசுமதி உள்ளே வந்தாள். வெல்டிங் பட்டறையிலிருந்து நேராக வந்திருந்தாள். கண்ணாடியின் தடம் முகத்தில் அப்படியே இருந்தது.

"எம்புள்ள எங்க மிஸ்?"

"மேடையில."

வசுமதி மண்டியிட்டுப் பார்த்தாள். "மகி, வீட்டுக்குப் போலாம் வா."

"டர்ன் வரட்டும்மா."

"சொன்னா சொன்னதுதான் இவ," என்றாள் வசுமதி. "சார் இன்னும் எவ்ளோ நேரம் தாங்குவாரு?"

வாசித்தபடியே கிளிஃபர்ட் ஒரு விரலை உயர்த்தினார். பிறகு அதைப் பாதியாக மடக்கினார்.

"அவ வாசிச்சா பக்கம் காயாதில்ல?" என்று கேட்டாள் வசுமதி.

"வாசிச்சா காயாது," என்றாள் பியூலா. "வாசிக்கலன்னா?"

வசுமதி எழுந்துபோய் மின்விசிறியை நிறுத்தினாள். காற்றில் சீக்கிரம் காயும்.

பியூலா நீலக் கையை கிளிஃபர்ட்டின் தோளில் வைத்தாள். அவர் நிறுத்தினார்.

அறை அமைதியானது. பக்கத்தின் ஓரம் வெளுக்கத் தொடங்கியது. முதலில் திரைச்சீலை காய்ந்தது. பிறகு பியானோ. பிறகு பியானோக்காரரின் காலணி. மகிழினி தன் கைகளைப் பார்த்தாள். மூக்கைச் சொறிந்தாள். டிரம்ஸைச் சுற்றி வந்த வெளுப்பு அவள் பாவாடைக் கரையைத் தொட்டது. பியூலாவுக்கு 'அடிடீ' என்று கத்த வேண்டும்போல் இருந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். ஒருவர் முறையில் இன்னொருவர் பேசக் கூடாது.

டப்.

வெளுப்பு நின்றது. கொஞ்ச நேரம் கழித்து, யாரும் எதிர்பார்க்காத இடத்தில் இரண்டு டப். அப்புறம் மகிழினி பல்லிடுக்கில் நாக்கை வைத்து 'ஸ்ஸ்ஸ்' என்று நீளமாக இழுத்தாள். இரும்பில் நெருப்பு பற்றும் சத்தம். வசுமதி தன்னையறியாமல் கண்ணைச் சுருக்கி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஒரு டப், ஒரு ஸ்ஸ், மீண்டும் டப். பக்கம் முழுதும் ஈரம் பரவியது. பியானோக்காரர் காலை உதறிக்கொண்டார்.

மகிழினி எழுந்து நால்வருக்கும் தலையாட்டிவிட்டு வெளியே வந்தாள். அவள் பின்னால் பக்கம் காய்ந்தது.

"முடிஞ்சுதா?" என்றாள் வசுமதி.

"ம்."

வசுமதி மகளின் கையை வலிக்கும்படி பிடித்துக்கொண்டாள். கிளிஃபர்ட் குட்டி நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு குழந்தை நீட்டிய பிஸ்கட்டை வாங்கித் தின்றார்.

பியூலா வாசல்வரை போய் நின்றாள். வெயில் கொளுத்தியது. தெருக்கோடியில் வசுமதி ஆட்காட்டி விரலில் எச்சில் தொட்டு, தெருவின் ஓரத்தைப் புத்தகப் பக்கம்போலப் பிடித்துப் புரட்டினாள். அடுத்த தெருவில் மழை பெய்துகொண்டிருந்தது. அவள் பையிலிருந்து குடையை எடுத்து மகளுக்குப் பிடித்தாள்.